கல் விற்கப் போகாமல் காலிக்கு

பலாங்கொடையில் இருந்து ஒருவன் காலிக்குப் போகிறான் என்றால் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற ஆள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “கல்லு ஏதும் கெடச்சிருச்சாப்பா?” எங்கள் பக்கத்து மண்ணில் கிடைக்கிற கல் இரத்தினபுரி, பேருவளை, காலி என்று கைமாறிப் போவது ஊரறிந்த விஷயம். சும்மா ஊர் பார்க்கத்தான் போகிறேன் என்றால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். சட்டைப்பையைத்தான் பார்ப்பார்கள்.

நிஜமாகவே சும்மாதான் போனேன். அண்ணன் மகள் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். “சித்தப்பா, நானும் வாறேன்” என்று கிளம்பிவிட்டாள். வரலாறு படித்த பிள்ளை. கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும். ஆனால் அவள் கேட்ட கேள்விகள் இல்லை என்றால் இந்தப் பதிவே வந்திருக்காது.

போகிற வழி இரண்டு. ஒன்று பெல்மதுளை, மாதம்பை வந்து, இறக்குவானை ஏறி, தெனியாய, அக்குரஸ்ஸ வழியாக இறங்குவது. வழி முழுக்கத் தேயிலை மலை, வளைவுக்கு மேல் வளைவு. வயிறு கெட்டியானவர்களுக்கு அது நல்ல வழி. மற்றது எம்பிலிப்பிட்டிய வழியாகக் கடற்கரைக்கு இறங்கி, தங்காலை, தெவிநுவர, மாத்தறை என்று கரையோரமாகவே போவது. போகும்போது கரையோர வழியில் போங்கள், திரும்பும்போது தெனியாய வழியாக வாருங்கள். கரையோர வழியைச் சொல்வதற்குத் தெவிநுவர ஒரு காரணம். அது கீழே வரும். முதல் நாள் இரவே காலிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது புத்திசாலித்தனம். கோட்டைக்குள் அறை எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், விலை வெளிநாட்டுக்காரருக்குப் போட்டது. வெளியே டவுனில் தங்கிவிட்டு, வெயில் ஏறுமுன் நடக்கத் தொடங்குவதுதான் வழி.

காலிக் கோட்டை நடந்து பார்ப்பதற்கென்றே அளவெடுத்துக் கட்டியதுபோல இருக்கும். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் டவுன், நடுவில் 52 ஹெக்டேயர் நிலம். சுற்றிலும் மதில், மதிலில் 14 கொத்தளங்கள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள். ஆட்டோ எதற்கும் தேவையில்லை. யுனெஸ்கோ 1988இல் இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் அந்த நூற்றாண்டின் கடைசியில் இங்கே சிறியதாக ஒரு கோட்டை கட்டினார்கள். 1640 மார்ச்சில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துப் பெரிதாக்கினார்கள். 1796இல் அது வெள்ளைக்காரன் கைக்குப் போனது. இந்த மூன்று வரியை எந்தப் பலகையிலும் வாசிக்கலாம் என்பதால் இதோடு விடுகிறேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்கினோம். 1883இல் அந்தோனிஸ் என்ற பேர்போன வைத்தியருக்கு மரியாதையாகக் கட்டியது. கோபுரத்தைவிட அந்த இடத்தில் நின்று கீழே பார்ப்பதுதான் விசேஷம். நேர் கீழே காலி கிரிக்கெட் மைதானம். மேட்ச் நாளில் டிக்கெட் எடுக்காத சனம் இந்த மதிலில் நின்றுதான் பார்க்கும். 2010 ஜூலை 22ஆம் திகதி முரளிதரன் தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது இங்கேதான். கடைசி டெஸ்ட், கடைசி ஓவர், ஓஜா அடித்த பந்தை ஸ்லிப்பில் மஹேல பிடித்தார். அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் டீவி இருந்த வீடெல்லாம் நிறைந்து வழிந்தது. தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவில் இருந்து வந்த ஒருவரின் பேரன் அவர் என்பது எங்களுக்கு வெறும் புள்ளிவிவரம் இல்லையே. அண்ணன் மகள் அந்தப் புல்தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு சின்ன கிரவுண்டா?” என்றாள். டீவியில் எல்லாம் பெரிசாகத்தான் தெரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மைதானமும் பக்கத்து பஸ் ஸ்டாண்டும் நாசமாகின. கோட்டை மதில் மட்டும் தண்ணீரைத் தாங்கி நின்றது. மதிலுக்கு உள்ளே, வெளியே என்ற வித்தியாசத்தை அந்த ஊர்க்காரர்கள் அன்று கண்ணால் கண்டார்கள்.

அங்கிருந்து இடப்பக்கமாக, கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு மதில்மேல் நடக்க வேண்டும். நட்சத்திரக் கொத்தளம், ஏயோலஸ், கிளிப்பன்பர்க், நெப்டியூன், ட்ரைட்டன் என்று வரிசையாக வரும். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், காலைக் காற்றை வாங்கினால் போதும். கீழே பவளக்கல்லும் கருங்கல்லும் கலந்து கட்டிய சுவர். கிட்டப் போய்ப் பார்த்தால் பவளப்பூச்சி செய்த துளைத்துளையான கோலம் கல்லில் அப்படியே இருக்கும்.

இங்கேதான் பிள்ளை கேட்டாள்: “சித்தப்பா, இத யாரு கட்டுனது?”

“ஒல்லாந்தர்னு போட்டிருக்கே.”

“ஒல்லாந்தர் கல்லு தூக்குனாங்களா?”

நம் தோட்டத்து ஃபெக்டரி வாசலிலும் கட்டிய வருசமும் துரை பெயரும்தான் இருக்கும், சாந்து குழைத்தவன் பெயர் இருக்காது என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வியை அத்தோடு விட முடியாது. ஒல்லாந்தக் கும்பனி கோட்டை வேலைக்கும் வயல் வேலைக்கும் அடிமைகளை வைத்திருந்தது. 1658இல் அது நாகப்பட்டினத்தைப் பிடித்தது. அடுத்த வருசமே தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும். 1659 முதல் 1661 வரை சோற்றுக்கு வழியில்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கான தமிழ்ச் சனத்தைக் கும்பனி கப்பலில் ஏற்றி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கொண்டுபோனது. காப்பித் தோட்டத்துக்கு எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடக்கத் தொடங்கியது 1820களில். அதற்கு 160 வருசத்துக்கு முன்னாலேயே பசி ஒரு கூட்டத்தை இந்தத் தீவுக்கு ஓட்டி வந்திருக்கிறது. கோட்டைக்குள் ‘ஒல்லாந்தர் காலத்து அழகு’ என்று எழுதிய சுற்றுலாக் கையேடுகள் ஏராளம். இந்தக் கதையைச் சொன்ன கையேடு ஒன்றும் என் கையில் கிடைக்கவில்லை.

கொடிப்பாறைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. பழைய நாளில் கப்பல்களுக்குப் பாறை எங்கே இருக்கிறது என்று இங்கிருந்துதான் சமிக்ஞை காட்டுவார்கள். இப்போது பையன்கள் மதிலில் இருந்து கீழே பாறைகளுக்கு நடுவே கடலில் பாய்ந்து காட்டிக் காசு வாங்குகிறார்கள். பார்க்கிறவர்களுக்குத் திக்கென்று இருக்கும், அவர்களுக்கு அது பிழைப்பு. பக்கத்தில் அச்சாறு விற்கிறார்கள், மாங்காய், அன்னாசி, அம்பரெல்லா எல்லாம் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு. கோட்டைக்குள் இருக்கிற அத்தனை கஃபேயையும்விட இந்த வண்டிக்கு என் ஓட்டு.

அடுத்த முனையில் வெளிச்சவீடு. 1848இல் கட்டிய பழையது எரிந்துபோய், 1939இல் எழுப்பிய இதுதான் எல்லாப் படங்களிலும் வருகிற வெள்ளைக் கோபுரம். அதற்கு எதிரே மீரான் ஜும்மாப் பள்ளிவாசல். வெளியே இருந்து பார்த்தால் மாதா கோயில் என்றுதான் சொல்வீர்கள். இரண்டு பக்கமும் கோபுரம், வளைவு ஜன்னல், வெள்ளைச் சுவர். 1904 அளவில் கட்டியது.

பள்ளிவாசலைத் தாண்டியதும் ஊரின் ஓசை மாறுகிறது. வாசலில் நின்று பேசுகிறவர்கள், பிள்ளையைக் கூப்பிடுகிறவர்கள், சைக்கிளில் மீன் விற்கிறவரோடு விலை பேசுகிறவர்கள் எல்லாருமே தமிழ். தென்கரை முஸ்லிம்களின் தமிழ் நம் தோட்டத்துத் தமிழ் மாதிரி இல்லை. சொல்லை விழுங்கிவிட்டு இழுப்பார்கள். ஆனால் தமிழ்தான், வீட்டுத் தமிழ். சிங்களம் பேசத் தயாராகி வந்த அண்ணன் மகளுக்கு வாயெல்லாம் சிரிப்பு.

ஒரு கல்லுக்கடை வாசலில் வயசான நானா ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்டுக் களைத்திருப்பார்போல, எங்களைப் பார்த்து நேராகத் தமிழில் தொடங்கினார்.

“எங்க இருந்து வாறீங்க?”

“பலாங்கொட நானா.”

“டவுனா, தோட்டமா?”

“தோட்டம்.”

“அப்ப ஒங்கட மண்ணுலேந்து வந்த கல்லுதான் இங்க கண்ணாடிக்குள்ள கெடக்கு. பாத்துட்டுப் போங்க, காசு வாணாம்.”

உள்ளே நீலம், புஷ்பராகம், வைடூரியம். எங்கள் பக்கத்து ஆற்றோரப் பத்தல் குழியில் இடுப்பளவு சேற்றில் நின்று, ‘இல்லம்’ என்கிற கல்மண்ணைக் கழுவி எடுத்த கல், இங்கே குளிரூட்டிய அறையில் மின்விளக்குக்குக் கீழே. விலையைக் கேட்டதும் பிள்ளை என் கையைக் கிள்ளினாள். நானாவுக்கு பலாங்கொடை நன்றாகத் தெரிந்திருந்தது. கூரகல ஜெய்லானிக் கந்தூரிக்கு வரும்போதெல்லாம் அங்கேதான் பஸ் மாறுவார்களாம். “அந்தக் குளிரும் அந்தக் கடத்தெருவும்” என்று கண்ணை மூடிச் சொன்னார். எங்கள் ஊரைப் பற்றி ஆசையோடு பேசுகிற ஒரு ஆளைப் பார்க்கக் காலி வரை போக வேண்டி இருந்தது.

காலிக்கும் முஸ்லிம் வியாபாரிகளுக்கும் உள்ள சங்காத்தம் கோட்டையைவிடப் பழசு. 1344இல் இப்னு பதூதா தெவிநுவர போய், அங்கே இருந்த பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, காலிக்கு வந்து இப்ராஹீம் என்ற கப்பல் தலைவர் வீட்டு விருந்தில் சாப்பிட்டதாக எழுதி வைத்திருக்கிறார். ஒல்லாந்தர் வருவதற்கு 300 வருசம் முன்னால்.

தெருக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்லிம் சில்லறை வியாபாரிகள் இருந்த பெட்லர் தெரு, கயிறு திரித்த லெயின் பான் தெரு, பழைய ஆஸ்பத்திரித் தெரு. பரவா தெரு என்று ஒன்றும் இருக்கிறது. முத்துக்குளித்துறைப் பரவர்களை நினைவில் வைத்திருக்கிற பெயர் அது. வீடுகளுக்குத் தாழ்வான ஓட்டுக் கூரை, தெருவைப் பார்த்துத் தூண் வைத்த திண்ணை, உள்ளே முற்றம். பாதிக்கு மேல் கடையாகவோ விடுதியாகவோ மாறிவிட்டன. நல்ல விலைக்கு வெளிநாட்டுக்காரர் வாங்க, பரம்பரையாக இருந்தவர்கள் டவுனுக்குக் குடி மாறிப் போகிறார்கள். விற்றவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பூட்டிக் கிடக்கிற அழகான வீட்டைவிட, வாசலில் துணி காய்கிற வீடுதான் எனக்குப் பிடித்தது. அப்படியும் சில இன்னும் இருக்கின்றன.

நடக்கும்போது காலடியில் ஒரு சங்கதி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஒல்லாந்தர் போட்ட நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்கள். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே புகுந்து, இறங்கும்போது அழுக்கைக் கழுவிக்கொண்டு போகிற மாதிரி அமைத்தார்கள். இன்றைக்கும் சில லயங்களில் ஒழுங்கான கக்கூஸ் இல்லாத ஆட்களுக்கு, முந்நூறு வருசப் பழைய வாய்க்காலைப் பார்த்துப் பெருமூச்சு வரத்தான் செய்யும்.

மத்தியானத்துக்கு மேல் ஒல்லாந்தர் தேவாலயம். 1755இல் காலித் தளபதி ஒருவரும் அவர் மனைவியும் கட்டியது. பிள்ளை பிறந்த நேர்த்திக்கடன் என்று கதை. தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள், சிலதில் மண்டையோடு செதுக்கி இருக்கும். செத்தவர் பெயர்மேல் நடக்கக் கூசி, பிள்ளை ஓரமாகவே நடந்தாள். உள்ளே நல்ல குளிர்ச்சி. வெயிலுக்கு ஒதுங்கவாவது போங்கள்.

பழைய வாசல்தான் கடைசி. உள்பக்கம் சிங்கங்கள் தாங்கிய கும்பனிச் சின்னம், அதன் மேல் ஒரு சேவல், 1669 என்ற வருசம். வெளிப்பக்கம் பிரித்தானிய முடியின் சின்னம். ஒரே சுவருக்கு முன்னும் பின்னும் இரண்டு முதலாளி. இந்த வாசல், ஒல்லாந்தரின் நீண்ட பண்டகசாலைக் கட்டடத்தின் அடியால் குகை மாதிரிப் போகிறது. மேலே கறுவாவும் மற்றச் சரக்கும் அடுக்கி வைத்த அந்தக் கட்டடத்தில் இப்போது கடல்சார் நூதனசாலை. 1659இல் காலித் துறையில் நங்கூரமிட்டபடியே மூழ்கிய ‘அவொண்ட்ஸ்டர்’ கப்பலில் இருந்து எடுத்த சாமான்கள் அங்கே இருக்கின்றன. ஆங்கிலேயரிடம் இருந்து ஒல்லாந்தர் பறித்த கப்பல் அது. அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள், உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் குறைவு.

“இவ்வளவு பழசும் இடிக்காம எப்படித் தப்பிச்சது சித்தப்பா?” என்று வாசலில் நின்று கேட்டாள். நியாயமான கேள்வி. கொழும்புக் கோட்டை மதிலை வெள்ளைக்காரன் இடித்துத் தள்ளினான், இதை ஏன் விட்டான்?

பதில் காலியில் இல்லை, மலைநாட்டில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிய நீராவிக் கப்பல்கள் காலிக்குத்தான் வந்தன. ஆனால் காப்பி விளைந்தது கண்டிப் பக்கம். 1867இல் கண்டியில் இருந்து கொழும்புக்கு ரயில் வந்தது. காப்பி மூட்டை கொழும்பில் இறங்கியது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டி, 1885இல் முடித்தார்கள். கப்பல்கள் அங்கே திரும்பிவிட்டன. காலி துறைமுகம் படுத்தது. வியாபாரம் செழித்த ஊரில் பழையதை இடித்துப் புதிதாய்க் கட்டுவான், படுத்த ஊரில் இடிக்கவும் காசு இருக்காது. கோட்டை அப்படியே நின்றது. எங்கள் பாட்டன் பூட்டன் கண்டி மலையில் சுமந்த மூட்டைதான் காலியின் வயிற்றில் அடித்து, அதன் முகத்தைக் காப்பாற்றியும் கொடுத்தது. இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று சொன்னபோது, வரலாறு படித்த பிள்ளைக்கே அது புதிசாக இருந்தது.

இனி தெவிநுவர விஷயம். கோட்டையில் நான் பார்க்க ஆசைப்பட்ட பொருள் கோட்டையில் இல்லை. 1911இல் காலி டவுனில் தோமலின் என்ற பொறியியலாளர் ஒரு மதகை மூடியிருந்த கற்பலகையைப் புரட்டிப் பார்த்தார். குப்புறக் கிடந்த பக்கத்தில் மூன்று மொழியில் எழுத்து: சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த கல், 1409ஆம் வருசத் திகதி போட்டது. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தென்னாவர நாயனாருக்கு. தென்னாவரம் என்றால் இன்றைய தெவிநுவர. இப்னு பதூதா பார்த்த அதே கோயில். பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று போகிற காணிக்கைப் பட்டியல் மூன்று தெய்வத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1588இல் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலைத் தரைமட்டமாக்கினார்கள். கோயில் போன பிறகும், காலியில் ஒரு வாய்க்காலின் மேல் தமிழ் எழுத்து குப்புறப் படுத்துக் கிடந்தது. இலங்கைக் கரையில் யாவாரத்துக்கு நிற்க வேண்டும் என்றால் தமிழில் எழுதத்தான் வேண்டும் என்று சீன அரசருடைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காலிக் கோட்டையை ‘ஒல்லாந்தர் ஊர்’ என்று விற்கிறார்கள். விற்கட்டும், சுவர் அவர்கள் போட்டதுதான். ஆனால் அங்கே இன்றைக்கும் வாசல்களில் கேட்கிற பேச்சு, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற கல், மைதானத்தில் விழுந்த 800ஆவது விக்கெட், ஊர் இடியாமல் நின்றதற்கான காரணம், இத்தனையிலும் நமக்குப் பங்கு இருக்கிறது. தோட்டத்து ஆள் அங்கே கூச்சப்பட்டு நடக்க ஒரு காரணமும் இல்லை.

பலாங்கொடை, இறக்குவானை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலா பஸ்ஸைக் கோட்டை வாசலில் நிறுத்தி, அரை மணி நேரம் கொடுத்து, வெளிச்சவீட்டு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஹிக்கடுவைக்கு ஓட்டாதீர்கள். பிள்ளைகளை ஒரு முழு நாள் அங்கே நடக்க விடுங்கள், கேள்வி கேட்க விடுங்கள். கொழும்புக்கு மிருகக்காட்சிசாலை பார்க்கக் கூட்டிப் போகும்போது, அந்த மும்மொழிக் கல்லையும் காட்டுங்கள். அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.